41 விநாடியில் ஒரு படம்: பினாங்குப் புகைப்படக் குழுக்களுக்கு கேனன் செல்ஃபி சிபி1500

கைப்பேசியில் எடுத்த படம் கைப்பேசிக்குள்ளேயே முடங்கிவிடும். பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில், லெபோ பாசார் தெருவில் ஒரே பூமாலைக் கடையைப் பத்துப் பேர் சுற்றி நின்று எடுத்தாலும், யார் என்ன எடுத்தார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பழகியவர் தம் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுவார். புதிதாக வந்தவர் "சும்மாதான் எடுத்தேன்" என்று போனைப் பையில் போட்டுக்கொள்வார். அந்தக் கூச்சத்தைப் போக்க நல்ல கருவி ஒரு சின்ன பிரிண்டர். அதில் கேனன் செல்ஃபி சிபி1500, வேகமானது என்பதற்காக அல்ல, மெதுவானது என்பதற்காகவே குழுவுக்குப் பொருந்துகிறது. தனி ஆள் ஒருவர் ஆல்பம் நிரப்புவதற்கு மட்டும் என்றால் வாங்கவேண்டாம். போட்டோ கடையில் 4ஆர் (4 × 6 அங்குல) பிரிண்ட் இதைவிட மலிவு.

2022-இல் வந்த இந்தப் பிரிண்டரின் எடை சுமார் 850 கிராம். மை தெளிக்கும் வகை இல்லை, டை சப்ளிமேஷன். சாயம் பூசிய ரிப்பனைச் சூடாக்கி, அந்தச் சாயத்தைத் தாளின் மேற்பூச்சுக்குள் இறக்குகிறது. ஒரே தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும்: முதலில் மஞ்சள், பிறகு மெஜந்தா, பிறகு சியான், கடைசியாக நிறமற்ற பாதுகாப்புப் படலம். அஞ்சலட்டை அளவுக்கு, அதாவது 100 × 148 மில்லிமீட்டருக்கு, ஏறக்குறைய 41 விநாடி ஆகும்.

அந்த 41 விநாடிதான் விஷயம். மேசையைச் சுற்றி எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். சாமந்தி மாலைப் படம் என்றால் முதல் சுற்றிலேயே பாதி தெரிந்துவிடும். கடல்மேல் மரக்கால் வீடுகள் நிற்கும் சியூ ஜெட்டியின் வானமும் கடலும் என்றால் முதல் சுற்றில் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே திரும்பும். "இது யாருடையது?" என்று ஊகிப்பதில் ஆரம்பிக்கிற பேச்சு, "மஞ்சள் ஏன் இவ்வளவு?" என்று நிறத்துக்குப் போய், "எந்த இடத்தில் நின்று எடுத்தீர்கள்?" என்று ஆளிடம் வந்து நிற்கும். நிறங்கள் எப்படிக் கலக்கின்றன என்பதை இதைவிட எளிதாக யாரும் பாடம் நடத்த முடியாது. பத்து விநாடியில் துப்பிவிடும் கருவிக்கு இந்தக் குணம் கிடையாது. இன்ஸ்டாக்ஸ் மினி வகையில் படம் தாளில் மெல்லத் தெளிவது அழகுதான், ஆனால் படப்பகுதி 62 × 46 மில்லிமீட்டர். ஐந்து பேர் சேர்ந்து பார்க்கவும் மேலே வரையவும் அது போதாது.

இனி கோளாறு வரும் இடங்கள். முதலாவது, படத்தின் வடிவம். கைப்பேசிக் கேமரா பெரும்பாலும் 4:3. இந்தத் தாள் ஏறக்குறைய 3:2. ஓரமில்லாமல் அச்சடித்தால் குறுகிய பக்கத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். குயின் தெரு மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை நிமிர்த்தி எடுத்திருந்தால் இடமும் வலமும் வெட்டுப்படும், படுக்கையாக எடுத்திருந்தால் முதலில் கலசம்தான் போகும். எடுக்கும்போதே ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். அல்லது வெள்ளை ஓரம் வைத்து அச்சடியுங்கள். முழுப்படமும் கொஞ்சம் சிறிதாகி அடங்கி, சுற்றிலும் வெள்ளை நிற்கும்.

அடுத்தது, படத்தை அனுப்பும் விதம். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் இந்தத் தாளுக்குத் தேவை சுமார் 1748 × 1181 பிக்சல், அதாவது வெறும் 2 மெகாபிக்சல். மலிவான போனும் இதைத் தாராளமாகத் தரும். "என் போன் பழசு" என்று பின்வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கை முதலில் சொல்லுங்கள். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, புடவை ஜரிகையும் சுவரின் காரைப் பெயர்ப்பும் குழைந்துபோகும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், அல்லது குவிக் ஷேர், ஏர்டிராப் பயன்படுத்துங்கள்.

பிரிண்டர் தன் சொந்த வைஃபையில் போனோடு நேரடியாக இணையும். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் பல ஆண்ட்ராய்டு போன்கள் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், தொடர்பு அறுந்துவிடும். "இணையம் இல்லாவிட்டாலும் இணைப்பில் இரு" என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பத்துப் பேரும் மாறி மாறி இணைக்க முயன்றால் அரை மணி நேரம் அதிலேயே போகும். ஒருவருடைய போனை மட்டும் இணைத்துவிட்டு, மற்றவர்கள் அதற்குப் படம் அனுப்புவது நல்லது. எஸ்டி கார்டு, யூஎஸ்பி டிரைவ் வழியாகவும் அடிக்கலாம். அதற்குப் படம் ஜேபெக் வடிவில் இருக்கவேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் பகுதிக்குப் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று மாற்றாவிட்டால், ஹெச்இஐசி என்ற வேறு வடிவக் கோப்புதான் கார்டில் வந்து சேரும்.

மூன்றாவது, வெளிச்சம். திரை தானே ஒளிரும், தாள் ஒளிராது. அதனால் போனில் சரியாகத் தெரியும் படம் தாளில் ஒரு படி இருண்டு வரும். படம் திருத்தும் ஸ்னாப்சீட் செயலியில் டியூன் இமேஜ் திறந்து நிழலைக் கொஞ்சம் தூக்கிவிட்டு அனுப்புங்கள். எவ்வளவு என்று குழம்பினால் ஒரே படத்தை மூன்று வெளிச்ச அளவில் சேமித்து, மூன்றையும் ஒரே அட்டையில் கொலாஜாக அடித்துப் பாருங்கள். மூன்று தாளுக்குப் பதில் ஒன்றோடு முடியும். சாமந்திக்கும் குங்குமத்துக்கும் நிறச்செறிவைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் இதழ் எது மடிப்பு எது என்று தெரியாமல் ஒரே திட்டாக வரும்.

கருவியின் பழக்கவழக்கமும் கொஞ்சம் உண்டு. தாளின் பளபளப்பான பக்கம் மேலே பார்க்கவேண்டும், அதை விரலால் தொடக்கூடாது. விரல் ரேகை பட்ட இடத்தில் சாயம் சரியாகப் பிடிக்காது. தட்டில் 18 தாளுக்கு மேல் வைக்காதீர்கள். ரிப்பன் தொய்ந்திருந்தால் பல்சக்கரத்தை மெதுவாகத் திருப்பி இறுக்கிவிட்டுச் செருகுங்கள். அச்சடிக்கையில் தாள் பிரிண்டரின் பின்புறமாகவும் நீளும், ஆகவே சுவரோடு ஒட்டி வைத்தால் முட்டிக்கொள்ளும். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். பாதியில் யாரும் தாளை இழுக்கவேண்டாம். புதிதாக வந்தவர்கள் ஆர்வத்தில் செய்யும் முதல் காரியம் அதுதான், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தினால் அந்தத் தாளும் அதற்குரிய ரிப்பன் பகுதியும் வீண்.

ஜார்ஜ்டவுனில் இதை அஞ்சடியில், அதாவது கடைவரிசையின் முன்னுள்ள கூரை போட்ட நடைபாதையில், வைத்து இயக்குவது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் படத்துக்கு நல்லதல்ல. மோட்டார் சைக்கிள் கிளப்பும் தூசு தாளுக்கும் ரிப்பனுக்கும் நடுவில் விழுந்தால், அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிச்சயம். வெக்கை கூடினால் தொடர்ந்து அடிக்கும்போது கருவி சூடு தணிய நடுவில் நின்றுவிடும். அது பழுதல்ல, அணைத்துவிட்டு மறுபடி போடத் தேவையில்லை. காப்பிக்கடையின் உள்மேசை உத்தமம்: மின்சாரமும் உண்டு, தே தாரிக்கும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு பிளக்கைச் செருகுங்கள். தனியாக வாங்கக்கூடிய பேட்டரி இருந்தால் முழு சார்ஜில் சுமார் 54 தாள் அடிக்கும். குளிர்சாதன அறையிலிருந்து எடுத்த தாளை உடனே பிரிக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது வியர்த்துவிடும். பையோடு கொஞ்ச நேரம் கிடக்கட்டும்.

படத்தின் மேல் கைவேலை செய்ய நினைப்பவர்களுக்கு இந்தத் தாள் கொஞ்சம் அடம்பிடிக்கும். கடைசியாக ஏறும் பாதுகாப்புப் படலம் தண்ணீரை விரட்டும். ஜெல் பேனா இழுபடும், வாட்டர்கலர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். எண்ணெய் வகை பெயிண்ட் மார்க்கர் நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் வகை அக்ரிலிக் மார்க்கர் காய்ந்தபின் மேலே உட்காரும், ஆனால் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். ஆல்கஹால் மார்க்கரை ஒரு வீணான தாளில் சோதிக்காமல் தொடாதீர்கள், அது படலத்தையும் சாயத்தையும் கெடுக்கலாம். வரைவதற்கென்றே அடிக்கும் படத்தில் நிறச்செறிவைக் குறைத்து, வெளிச்சத்தைக் கூட்டி வெளிறலாக அடித்தால் கோடு எடுப்பாக நிற்கும்.

கோலம் வரைகிறவர்களுக்கு இந்த முறையில் ஓர் அனுகூலம் உண்டு. இதில் வெள்ளைச் சாயமே கிடையாது. தாளின் வெள்ளைதான் கோலமாவின் வெள்ளை. அது தூய்மையாக வர, எடுக்கும்போது கவனம் வேண்டும். இருண்ட தரையைப் பார்த்த கேமரா படத்தைத் தூக்கலாக வெளிச்சமாக்கும், புள்ளியும் இழையும் வெளுத்து ஒன்றாகிவிடும். இழையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். நேர்மேலிருந்து எடுங்கள். பல போன்களில் கேமரா அமைப்பில் கிரிட் அல்லது லெவல் போட்டுக் கீழ்நோக்கிப் பிடித்தால் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும்; இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது போன் மட்டமாக இருக்கிறது. இப்படி அடித்த அட்டையில், ஒருவர் போட்ட கோலத்தை இன்னொருவர் மார்க்கரால் நீட்டிக்கொண்டே போகலாம்.

வரையத் தெரியாதவர்களுக்கு ஆர்மேனியன் தெரு இருக்கிறது. 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சைக்கிள் சிறுவர்கள் ஓவியத்தில் சுவரோடு நிஜ சைக்கிள் ஒன்று இருப்பதால், நேரத்துக்கு நேரம் நிழல் மாறும். எல்லாரும் எடுத்துச் சலித்த ஓவியம்தான். ஆனால் நாலு பேர் எடுத்ததை ஒரே அட்டையில் நாலு கட்டமாக அடித்துப் பாருங்கள். ஒருவர் சக்கரத்தை எடுத்திருப்பார், ஒருவர் வரிசையில் நிற்கும் கூட்டத்தை எடுத்திருப்பார். இந்த அட்டையை இரண்டு பிரதி அடிக்கும்படி யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

செலவைப் பிரிண்டர் விலையில் பார்க்காதீர்கள், தாளில் பாருங்கள். 108 தாள் கொண்ட பெட்டியில் வீணாகும் தாளுக்காகப் பத்துத் தாளையாவது கழித்துவிட்டு, மீதியால் விலையை வகுத்துக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு இரண்டு தாள் என்று வரம்பு வைத்தால் செலவும் அடங்கும், எதை அடிப்பது என்று யோசிக்கவும் செய்வார்கள். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஓய்வு நாளில் குழுவோடு சேர்ந்துகொள்ளும் தம்பிகளுக்கு மூன்றாகவே வையுங்கள். ஒன்று ஊருக்குப் போகும்.

வீட்டுக்கு எடுத்துப்போன படத்தை மிருதுவான பிவிசி உறையில் வைக்கக்கூடாது. பிளாஸ்டிக் அழிப்பானோடும் ஒட்டிக் கிடக்கக்கூடாது, நிறம் மாறிவிடும். பாலிபுரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: தீர்ந்த ரிப்பனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால், அடித்த ஒவ்வொரு படமும் நெகட்டிவ் மாதிரி அதில் அப்படியே தெரியும், முகங்கள் உட்பட. காப்பிக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வராதீர்கள். குழுவில் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போய், கத்தரித்து எறியட்டும்.