"தூய சிறுவிடை" குஞ்சுகள்: வளர்த்துப் பார்த்த பிறகு

பண்ணையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. கோவைப் பக்கம் நாட்டுக்கோழிக் குஞ்சு விற்கும் பல பண்ணைகளில் அதுவும் ஒன்று. விளம்பரத்தில் "100% தூய சிறுவிடை" என்று போட்டிருந்தார்கள். சிறுவிடை என்றால் சின்ன உடம்பு நாட்டுக்கோழி. ஒரு மாதக் குஞ்சு 180 ரூபாய். அதே வயதுக் குஞ்சை எங்கள் தாராபுரம் பக்கம் 120-க்கு வாங்கிவிடலாம். ஆக, மீதி 60 ரூபாய் "தூய" என்ற சொல்லுக்குத்தான். 20 குஞ்சு வாங்கினேன். கறிக்கு அல்ல, தென்னந்தோப்பில் அவிழ்த்துவிட்டு, அடைவைத்துப் பெருக்குவதற்கு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, அடியில் உமி பரப்பி, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வழியில் ஒன்றுகூடச் சாகவில்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், 14-ஆம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்தும் கொடுத்ததாக எழுதிய சீட்டு பெட்டிக்குள் இருந்தது. இறக்கிவிட்டதும் கம்புத் தானியத்தைக் கொத்த ஆரம்பித்துவிட்டன. சளி இல்லை, கழிச்சல் இல்லை. வெறும் குஞ்சாகப் பார்த்தால் தரமான சரக்கு.

வளர வளரத்தான் வேறு கதை. முதலில் காட்டிக்கொடுத்தது கொண்டை. எங்கள் பக்கத்துச் சிறுவிடைக்கு ஒற்றைக் கொண்டை. நிமிர்ந்து, விளிம்பில் பல் பல்லாக இருக்கும். பெருவிடை என்கிற நெட்டையான பெரிய நாட்டுக்கோழிக்கு அப்படி இல்லை. தலையோடு ஒட்டி, மூன்று வரிசையாகப் புடைத்த சின்னக் கொண்டை. இந்தப் பட்டாணிக் கொண்டை தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குஞ்சில் தெரிந்துவிடும். கலப்புக் குஞ்சில் அது கொஞ்சம் பெரிதாக, கோணல்மாணலாக இருக்கும், தாடியும் சிறுத்துப்போகும். வந்த 20-இல் ஏழு குஞ்சுகளுக்கு இந்தத் தலைதான்.

அந்த ஏழும் மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். தொடை நீளம், கால் தடிமன், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற நிற்பு, தாழ்ந்த வால் என்று எல்லாம் பெருவிடைப் பக்கம்தான். சிறுவிடைப் பெட்டை வளர்ந்து முடிந்தாலும் ஒன்றேகால் கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். இவற்றில் ஒன்று முட்டைக்கு வருவதற்கு முன்பே இரண்டு கிலோவைத் தொட்டுவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா சண்டைச்சேவல் வளர்த்த கை. ஒன்றைத் தூக்கி நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏம்மிணி, இத கட்டுக்கு உட்டுப்போடலாமாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

அதோடு நிற்கவில்லை. மூன்று வெடைக்கோழிகளுக்கு இறக்கையை விலக்கிப் பார்த்தால் தோல் கருப்பு. வாயைத் திறந்தால் நாக்கும் கருப்பு. கொண்டை மட்டும் சிவப்பும் கருப்பும் கலந்த நிறம். கடக்நாத் ரத்தம் என்பதில் சந்தேகமே இல்லை. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கருங்கோழி. 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. சிறுவிடைக் கூட்டத்தில் அதற்கு என்ன வேலை?

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. தோலைக் கருப்பாக்கும் மரபணு ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வேலை செய்யும். ஆனால் வெளிர்க்கால் கோழிகளில் அந்தக் கருப்பை அடக்கும் இன்னொரு மரபணு இருக்கிறது. அதைத் தாய்க்கோழி தன் மகன்களுக்கு மட்டுமே கொடுக்க முடியும். அதனால் கருஞ்சேவலையும் வெளிர்க்கால் பெட்டையையும் சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் நன்றாகக் கருக்கும், அவற்றோடு பிறந்த சேவல்கள் வெளுத்து நிற்கும். பேட்சன், பன்னெட் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சில்கி என்ற கருந்தோல் கோழியை லெகார்ன் என்ற வெளிர்க்கால் கோழியோடு சேர்த்துப் பார்த்து 1911-இலேயே இதை எழுதிவிட்டார்கள். என்னிடம் கருத்த மூன்றும் பெட்டைகள்தான். வெளுத்த சேவல்களில் எதெதற்குக் கருங்கோழி அப்பன் என்று இனி யார் கண்டுபிடிப்பது?

நியாயத்துக்காக இதையும் சொல்ல வேண்டும். இறகு நிறம் பலவாக இருப்பதை வைத்துக் கலப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். சிறுவிடையில் செவலை, கருப்பு, பொறி எல்லாம் உண்டு. ஒரு குஞ்சு மொட்டைக்கழுத்தோடு வந்தது. அதற்கும் நான் குறை சொல்லவில்லை. அது ஒற்றை மரபணு விவகாரம். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் கழுத்தின் முன்பக்கம் ஒரு குஞ்சம் இறகு நிற்கும், இரண்டு பக்கமும் வந்தால் அதுவும் பெரும்பாலும் இருக்காது. ஊர்க்கோழியிலேயே காலங்காலமாக இருப்பதுதான். எல்லாக் குஞ்சும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலும் அதைத் தூய்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. முதல் தலைமுறைக் கலப்பும் அப்படித்தான் ஒரே சீராக வரும். அதன் பிள்ளைகளில்தான் தாத்தா, பாட்டி ஜாடை எல்லாம் சிதறும்.

போட்டோ எடுத்துப் பண்ணைக்கு அனுப்பினேன். பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, நம்மகிட்ட எல்லாமே ஒரிஜினல்ங்க. பெருவிடைச் சேவல் எப்பவோ வேலி தாண்டி வந்திருக்கும்ங்க. பார்த்த அன்னைக்கே அதைப் பிடிச்சு அடைச்சிட்டு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் முட்டை எடுத்து வெச்சோம்" என்றான். பிரச்சினையே அந்த இரண்டு நாள்தான். சேவலின் விந்தைப் பெட்டை தன் உடம்புக்குள் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் வைத்திருக்கும். வேறு சேவல் மிதித்திருந்தால் மூன்று, நான்கு வாரம் பிரித்து வைத்து, அதற்குப் பிறகு விழும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும். குஞ்சு விற்பதே தொழிலாக இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

எங்கள் பக்கம் இதற்கு நேர் எதிராக ஒரு நம்பிக்கையும் இருக்கிறது: ஒருமுறை வேறு சேவல் மிதித்துவிட்டால் அந்தப் பெட்டை ஆயுசுக்கும் கெட்டுப்போச்சு என்பார்கள். அதுவும் பொய். அந்த வாரங்கள் கழிந்துவிட்டால் முட்டை புதுச் சேவலுக்குத்தான்.

கலப்பு என்றால் எனக்கு இளக்காரம் கிடையாது. வனராஜா, கிராமப்பிரியா இரண்டும் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் கலந்து உருவாக்கியவைதான். கலப்பு என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள், வாங்குபவருக்கும் தெரியும். என் ஏழு நெட்டைகளும் கறிக்கு அருமையாக இருக்கும். ஆனால் சிறுவிடையை நான் தேடுவது அது அடை உட்காருவதற்காக. பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டுவிட்டு உட்கார்ந்தால் 21 நாளில் குஞ்சோடு எழுந்து வரும். கனத்த பெட்டை உட்கார்ந்தால் முட்டை உடைகிறது. நெட்டை ஒன்றை வைத்துப் பார்த்ததில் நான்கு முட்டை நசுங்கியது.

பாதிப் பணத்தை அடுத்த செட்டில் கழித்துக்கொள்கிறேன் என்றான் பண்ணைப் பையன். அது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. சரி, அப்படியானால் அடைமுட்டை எடுக்கும் கூட்டத்தை ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, கொண்டை தெரிகிற மாதிரி என்று கேட்டேன். அனுப்பினான். பெட்டைகள் எல்லாம் ஒற்றைக் கொண்டை, சின்ன உடம்பு, பார்க்கவே ஆசையாக இருந்தது. பின்னால் தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு கருங்கோழிச் சேவல் சாவகாசமாக நடந்து போகிறது. பாதிப் பணத்தைக் கையிலேயே கொடுத்துவிடு தம்பி என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் கூகுள் பேயில் 1,800 ரூபாய் வந்தது.