விடுதிப் பாடசாலை விண்ணப்பம்: முகவரா, சுயாதீன ஆலோசகரா, லண்டன் மாமாவா?

அண்ணாவின் மகளை வெளிநாட்டு விடுதிப் பாடசாலையொன்றில் சேர்ப்பதென்று வீட்டில் முடிவானபோது, எந்த நாடு என்ற கேள்விக்கு முன்பே யாரிடம் ஆலோசனை கேட்பது என்ற கேள்வி எழுந்தது. பெறாமகள் அப்போது தரம் எட்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரங்களுக்குள் கொழும்பு காலி வீதியிலுள்ள முகவர் நிலையமொன்றுக்குப் போனோம்; அமெரிக்காவிலிருக்கும் சுயாதீன ஆலோசகர் ஒருவருடன் ஸூம் வழியாகப் பேசினோம்; லண்டனில் முப்பது வருடங்களாக வாழும் மாமாவிடமும் கேட்டோம். மூவரும் அக்கறையுடன்தான் பேசினார்கள். ஆனாலும் மூவரும் செய்யக்கூடிய வேலை ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நெடுநாள் எடுத்தது.

முகவர் நிலையம் பெற்றோரிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. பிள்ளை சேர்ந்ததும் அவளது முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பாடசாலையே முகவருக்குத் தரகுப்பணமாகக் கொடுக்கிறது என்பதே அதற்குக் காரணம். இது சட்டவிரோதமானதல்ல, ஒளித்து வைக்கப்படும் விடயமுமல்ல; கேட்டால் நல்ல முகவர்கள் நேரடியாகவே சொல்வார்கள். ஆனால் அதன் விளைவை அந்த மேசையில் கண்ணால் கண்டேன். எங்கள் முன் வைக்கப்பட்ட பட்டியலில் பதினொரு பாடசாலைகள் இருந்தன. பிள்ளை தானே தேடி விரும்பியிருந்த இரண்டின் பெயரைச் சொன்னபோது, அவற்றில் இடம் கிடைப்பது கடினம் என்று கூறி அந்த அலுவலர் அடுத்த கையேட்டைத் திறந்தார். அவ்விரண்டும் முகவர்களுக்குத் தரகுப்பணம் கொடுப்பதில்லை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். அமெரிக்காவின் பழம்பெரும் விடுதிப் பாடசாலைகளில் பல இப்படிப்பட்டவையே. ஆகவே முகவரின் பட்டியலைப் படிக்கும்போது, அதில் இருப்பவற்றைவிட இல்லாதவற்றைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

அதற்காக முகவரை ஒதுக்கிவிடச் சொல்ல என்னால் முடியாது, ஏனெனில் பிரித்தானிய விசாக் காரியத்தில் அவர்களுக்கு இருக்கும் பழக்கம் வேறு எவருக்கும் இல்லை. பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான மாணவர் விசாவுக்கு, அனுசரணை உரிமம் பெற்ற தனியார் பாடசாலையின் அனுமதி உறுதிப்பத்திரம், பெற்றோர் இருவரினதும் சம்மதக் கடிதம், அங்கு பிள்ளையைப் பராமரிக்கும் ஏற்பாடு ஆகியவற்றுடன், ஒரு கல்வியாண்டுக்கான கல்வி மற்றும் விடுதிக் கட்டணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததற்கான வங்கிச் சான்றும் வேண்டும். அண்ணா காட்டவிருந்த நிலையான வைப்பு எங்கள் அம்மாவின் பெயரில் இருந்தது. பேத்திக்காகப் பாட்டி சேமித்த பணம் என்றாலும் விசா அதிகாரி அதை ஏற்கமாட்டார், அது பெற்றோரின் அல்லது பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும் என்று முதலில் கவனித்துச் சொன்னவர் அந்த முகவர் நிலையத்தில் இருந்த ஓர் இளம் பெண்தான். பிறப்புச் சான்றிதழை எந்தச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுப்பது, எத்தனை பிரதி எடுப்பது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரித்தானிய விடுதிப் பாடசாலைகள் சங்கம் முகவர்களுக்குச் சான்றளிக்கும் திட்டமொன்றை நடத்துகிறது. அந்தச் சான்று உள்ளவரைத் தேடுவது நல்லது. எனினும், அது முகவரின் நடத்தைக்கான சான்றே தவிர, அவருக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதை அது மாற்றுவதில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் எனக்குக் கோபமே வந்தது. பிள்ளையின் கட்டுரையைத் தாங்களே எழுதித் தருவதாக அங்கு சொன்னார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பெயரில் பெரியவர் ஒருவர் எழுதியதை அனுப்புவது ஏமாற்று. நேர்முகத்தில் அவள் வாய் திறந்ததுமே அது வெளிப்பட்டுவிடும் என்பது இரண்டாவது பிரச்சினைதான்.

சுயாதீன ஆலோசகரின் முறை இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவில் 1976 இல் தொடங்கப்பட்ட ஐஈசிஏ என்ற சுயாதீனக் கல்வி ஆலோசகர்களின் சங்கம், பிள்ளையைச் சேர்த்துவிடுவதற்காகப் பாடசாலையிடமிருந்து பணம் பெறக் கூடாது என்று தன் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துகிறது. பாடசாலைகளுக்கு நேரில் சென்று பார்த்து வருவதையும் அவர்களிடம் எதிர்பார்க்கிறது. எனவே கட்டணம் முழுவதும் பெற்றோரின் தலையில்தான் விழும். முழு ஆண்டுத் திட்டமென்றால் அது பல ஆயிரம் டொலராகும், ரூபாயில் அத்தொகையைப் பார்த்து அண்ணா சிறிது நேரம் பேசாமலே இருந்தார். ஆனால் பலர் மணிக்கணக்கிலும் வேலை செய்கிறார்கள் என்பதை நாங்கள் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முதற் சந்திப்பிலேயே எங்கள் ஆலோசகர் பெற்றோரை அறையை விட்டு வெளியே போகச் சொல்லி, நாற்பது நிமிடங்கள் பிள்ளையுடன் தனியாகப் பேசினார். உறக்கம் வராத இரவில் என்ன செய்வாய் என்று கேட்டாராம். வெள்ளவத்தையில் கடற்கரையோரம் போகும் கடைசி ரயிலின் சத்தத்துக்காகக் காத்திருப்பேன், அது போன பிறகுதான் உறங்குவேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பெரிய பாடசாலைகளைப் பட்டியலிலிருந்து அவர் நீக்கியதற்கும், கட்டுரைக்கு அந்த ரயிலையே எழுதிப் பார்க்கச் சொன்னதற்கும் அந்த ஒரு பதில்தான் காரணம். அவள் எழுதி அனுப்பியதில் ஒரு வரியைக்கூட அவர் திருத்தவில்லை. இரண்டு இடங்களில் மட்டும், இங்கே இன்னும் சொல் என்று குறித்துத் திருப்பி அனுப்பினார்.

அவருக்குத் தெரியாதது கொழும்பு. எங்கள் பாடசாலையில் விண்ணப்பங்களைக் கவனிப்பதற்கென்று தனி ஆலோசகர் இல்லை என்பதை அவருக்கு மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பாடசாலைகள் ஆங்கில ஆசிரியரிடமும் கணித ஆசிரியரிடமும் இணையவழிப் பரிந்துரை கேட்கின்றன. அந்தப் படிவத்தில் பிள்ளையின் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு படிநிலையைக் குறிக்க வேண்டும். எங்கள் கணித ஆசிரியர் கண்டிப்பும் நேர்மையும் மிக்கவர். “நல்லது எண்டு போட்டால் போதும்தானே?” என்று அண்ணாவுக்குத் தொலைபேசியில் கேட்டார். அவருடைய அளவுகோலில் நல்லது என்பது பெரிய பாராட்டு, அந்தப் படிவத்திலோ அது நடுத்தரம். என்ன எழுத வேண்டும் என்று சொல்லாமல், அந்தப் படிநிலைகளை அங்குள்ளவர்கள் எப்படி வாசிப்பார்கள் என்பதை மட்டும் விளக்கி ஆலோசகர் அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினார். அவர் பெற்ற கட்டணத்துக்கு அந்த ஒரு பக்கமே போதுமென்று இன்றும் நினைக்கிறேன்.

மாமாவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தெரிந்தது அவருடைய மகன் படித்த ஒரே பாடசாலை. ஆலோசகராக அவர் போதாது. ஆனால் பிரித்தானிய விடுதிப் பாடசாலைகள் அரைத்தவணை விடுமுறைக்கும் அவசரத்துக்கும் அந்நாட்டிலேயே ஒரு பாதுகாவலரைக் கேட்கின்றன. பாதுகாவலர் சேவைகளை மதிப்பிடும் ஏஜிஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இருந்தாலும், சொந்த மாமாவும் மாமியும் அந்தப் பொறுப்பை ஏற்பதைப் பாடசாலை அனுமதித்தால் அதைவிடப் பிள்ளைக்கு ஆறுதல் வேறில்லை. முகவர் பாதுகாவலர் சேவையையும் சேர்த்து விற்க முன்வந்தால் அதைத் தனியாகப் பிரித்து விலை கேட்பது அவசியம்.

இந்தியாவை நினைப்பவர்களுக்கு மூவருமே வேண்டியதில்லை. 1901 இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பாடசாலையோ, 1858 இல் தொடங்கிய, ஊட்டிக்கு அருகிலுள்ள லவ்டேல் லோரன்ஸ் பாடசாலையோ விண்ணப்பத்தை நேரடியாகவே ஏற்கின்றன. கொடைக்கானலென்றால் மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான், அங்கிருந்து மலையேறிப் பிள்ளையுடன் போய் விடுதியைப் பார்த்து, சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு வேளை உட்கார்ந்து வரலாம்.

என் தெரிவு நாட்டைப் பொறுத்து மாறும். பிரித்தானியாவுக்கென்றால், பட்டியலை வீட்டில் நாமே தயாரித்துக்கொண்டு, ஆவணங்களுக்காகச் சான்றுபெற்ற முகவரிடம் போவேன். 2025 ஜனவரி முதல் தனியார் பாடசாலைக் கட்டணத்தின் மேல் 20 வீத வரியும் சேர்ந்துவிட்டதால், முகவர் சொல்லும் தொகை வரியுடனா வரியில்லாமலா என்பதை எழுத்தில் வாங்குவேன். அமெரிக்காவுக்கென்றால், குறிப்பாக நிதியுதவி தேவைப்படும் குடும்பமென்றால், சுயாதீன ஆலோசகரின் பத்து மணி நேரத்தை வாங்குவேன். முழுத் திட்டத்தை வாங்கமாட்டேன். அங்கு பெரும்பாலான விண்ணப்பங்கள் ஜனவரி நடுப்பகுதியில் முடிந்து, மார்ச் 10 அளவில் முடிவு வந்து, ஏப்ரல் 10க்குள் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், அந்தப் பத்து மணி நேரத்தில் இரண்டையாவது மார்ச்சுக்குப் பிறகு பயன்படுத்த மிச்சம் வைப்பேன். கொழும்பில் இரவு எட்டு மணி என்றால் நியூயோர்க்கில் காலை ஒன்பதரையோ பத்தரையோ. பிள்ளை களைத்துப்போகுமுன் பேச அந்த நேரமே வசதியானது.

யாரிடம் ஒப்பமிட்டாலும், முதல் தவணையிலேயே பிள்ளை அங்கு இருக்க முடியாமல் அழுதால் யார் தொலைபேசியை எடுப்பார் என்று கேளுங்கள். எங்கள் ஆலோசகர் அதற்கெனத் தனி வரியொன்றை ஒப்பந்தத்தில் சேர்த்து, கூடுதல் கட்டணமில்லை என்று எழுதித் தந்தார். முகவர் நிலையம் பாடசாலையின் தொலைபேசி இலக்கத்தைத் தந்தது.