பக்கிக்கு மழைத்தடுப்பு மாட்டி 1,850 ரேண்ட் விட்ட கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1,850 ரேண்ட். ஜன்னல் மேல் ஒட்டும் மழைப்பட்டை நான்குக்கு 1,200, மாட்டுகிற கூலி 650. மாட்டி ஐந்தாவது நாள் ஒன்று பறந்துவிட்டது, மற்ற மூன்றும் இப்போது என் வீட்டு ஓரத்தில் கிடக்கின்றன.

தென்னாப்பிரிக்காவில் இந்த டர்பன் மழையைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கண்ணாடியை முழுக்க ஏற்றினால் உள்ளே புழுங்கி முன்கண்ணாடி மங்கிவிடும், இரண்டு விரற்கடை இறக்கினால் சட்டைத்தோள் நனையும். ஏசியில் கேஸ் போய் ஒரு வருஷம். வண்டி 2017 டொயோட்டா ஹைலக்ஸ், டபுள் கேப் (நாலு கதவு). வாரம் இரண்டு தடவை கறிவேப்பிலையும் வாழை இலையும் ஏற்றிக்கொண்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய் வருகிறேன். (இங்கே பிக்கப் வண்டியைப் பக்கி என்பார்கள். ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இந்தக் கதையில் அது நான்தான்.)

ஊரில் டோர் வைசர் என்போமே, ஜன்னலின் மேல்விளிம்பில் வரும் கறுப்புப் பட்டை, அதை இங்கே விண்ட்ஷீல்டு என்று விற்கிறார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு வண்டிச் சாமான் கடைக்குப் போனேன். பெயர் போடப்போவதில்லை. முன்னால் நின்ற பெரியவர் என் டேஷ்போர்டில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். "வணக்கம் அண்ணா" என்றார். அப்புறம் எல்லாம் ஆங்கிலம்தான்: தாத்தாவுக்குத் தாத்தா மெட்ராஸிலிருந்து கப்பலில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவராம். 1860-இலிருந்து 1911 வரை வந்த கப்பல்களில் ஏதோ ஒன்று. அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த இரண்டே வார்த்தைதான், எனக்கு அது போதுமாக இருந்தது. விலைகூடப் பேசவில்லை. "ஹைலக்ஸ் எல்லாம் ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார். நானும் மூடிக்கொண்டேன்.

ஒன்றே இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2016-இல் ஹைலக்ஸின் உடம்பே மாறியது, கதவுச் சட்டத்தின் வளைவும் சேர்த்து. எனக்கு ஒட்டியது அதற்கு முந்தைய வடிவத்துக்கானது. பின்முனையில் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. மாட்டின பையன் ஹீட் கன்னால் சுடவைத்து அழுத்தி, இன்னொரு சுற்று இருபக்க டேப் வைத்து அமுக்கினான். அதைவிடக் கொடுமை அதற்கு முன்னால் நடந்தது. அன்று காலை தூறல், சட்டம் ஈரம். ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டிய இடத்தை, சற்று முன் வேறொரு வண்டியின் டயருக்குப் பாலிஷ் போட்ட அதே துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். டயர் பாலிஷில் சிலிகான் இருக்கும், அது பட்ட இடத்தில் எந்த டேப்பும் நிற்காது. துணி பளபளவென்று இருந்தது, என் கண்ணெதிரில்தான். வாயைத் திறக்கவில்லை. அண்ணா என்று கூப்பிட்டவர் கடையில் எப்படிக் குறை சொல்வது என்று ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை 1,850 ரேண்ட்.

வியாழக்கிழமை N3 நெடுஞ்சாலையில் மரியன்ஹில் டோல் தாண்டி மேடு ஏறும்போது டப் டப் என்று சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஓட்டுநர் பக்கத்துப் பட்டை பிய்த்துக்கொண்டு பறந்தது. பின்னால் வந்தது லாரி, அதன் சக்கரத்தடியில் நொறுங்கியது. பைக்காக இருந்திருந்தால்? அதை நினைத்துத்தான் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

கடைக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். நீல டிக், பதில் இல்லை. போன் செய்தால் முதலாளி ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறார். மறுநாள், முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். நேரில் போனால் அதே பெரியவர், இந்தத் தடவை வணக்கம் இல்லை. "வண்டியைக் கழுவினீர்களா?" என்றார். ஐந்து நாளும் மழை, வானம்தான் கழுவியது என்றேன். ரசீதின் அடியில் எறும்பு சைஸில் அச்சடித்த வரியைக் காட்டினார்: பணம் திரும்பத் தரப்பட மாட்டாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008, பிரிவு 56, ஆறு மாதத்துக்குள் குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம் என்றேன். "கேளுங்கள்" என்று சிரித்தார். மோட்டார் துறைப் புகார்களை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பார்ப்போம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கமாக எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடமாட்டேன் என்கிறது. வண்டியின் வருஷத்தையும் கேப் வகையையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒட்டுவதற்கு முன் டேப் உரிக்காமல் சட்டத்தில் வைத்துப் பாருங்கள், இடைவெளி தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மழை நாளில் ஒட்டவே விடாதீர்கள், டேப் முழுசாகப் பிடிக்க 72 மணி நேரம் ஆகும். கண்ணாடி ஓடும் பள்ளத்துக்குள் சொருகுகிற வகை வாங்கினால் அங்கேயே நாலு தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள், தடிமன் அதிகமானால் கண்ணாடி மேலே போய்த் தானாக இறங்கிவிடும். துணியைப் பாருங்கள். துணியைப் பாருங்கள்!

மிச்ச மூன்றையும் நேற்று நானே எடுத்தேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பை இடையில் விட்டு அறுத்தேன். இரண்டு சுத்தமாக வந்தது. மூன்றாவது, அந்தப் பையன் இரட்டை டேப் போட்ட இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதன் கணக்கு அந்த 1,850-இல் சேரவில்லை.