வெட்டிய பிரதியா, விளம்பரத்தோடு வந்த கேசட்டா?

அமெரிக்காவின் பழைய பகல்நேரத் தொடர்களை இன்று இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒன்று, விளம்பரங்களை நீக்கித் துலக்கிய பிரதி. மற்றொன்று, எண்பதுகளில் யாரோ வீட்டில் வீடியோ கேசட்டில் பதிவுசெய்து வைத்தது.

முதலாவதில் படம் தெளிவாக இருக்கும், கதை தடையில்லாமல் ஓடும். கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு அதுவே நல்லது.

என் மனம் கேசட்டின் பக்கம்தான். இந்தத் தொடர்களுக்கு 'சோப் ஓபரா' என்ற பெயரே சோப்புக் கம்பெனிகளின் விளம்பரத்தால் வந்தது. 1956 முதல் 2010 வரை ஓடிய 'அஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரைத் தயாரித்ததே பிராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனிதான். விளம்பரத்தை நீக்கினால் பாதி வரலாறு போய்விடுகிறது. காட்சியின் தாளமும் கெடுகிறது. கதாநாயகி கதவைத் திறக்கிறாள், இசை உயர்கிறது, கேமரா அவள் முகத்தில் அப்படியே நிற்கிறது. அந்த நிறுத்தம் இடைவேளைக்காகவே எழுதப்பட்டது. வெட்டிய பிரதியில் அடுத்த நொடியே பதில் வந்துவிடுகிறது. கேசட்டிலோ சலவைத்தூள் விளம்பரம் முடியும்வரை தவிக்க வேண்டும். ஒரு பெண் வெளுத்த சட்டையின் காலரைத் தூக்கிக் காட்டுகிறாள். திரையின் அடியில் ஒரு கோடு நடுங்குகிறது. அந்த நிமிடங்களை நான் ஒருபோதும் ஓட்டிவிடுவதில்லை.