"கூகிளில் முதலிடம் உத்தரவாதம்" என்று கூப்பிடுகிறார்களா? டர்பன் கடைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கம் சிறு கடை, கேட்டரிங், மாலை கட்டுவது, துணி வியாபாரம் என்று எதையாவது நடத்தி, அதற்கு ஒரு வலைத்தளமும் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். கூகிளில் முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனம் எங்கள் குடும்பக் கடையை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் எழுதுகிறேன். அவர்கள் பெயரைப் போடவில்லை. புகார் இன்னும் முடியவில்லை. அதோடு இதே முறையில் தொழில் செய்கிறவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள். அவர்களுடைய முறை தெரிந்தால்தான் அடுத்து யார் வந்தாலும் உங்களால் அடையாளம் காண முடியும்.

கடை டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறது. என் மாமியார் நடத்துகிறார். இங்கே "பிரேயர் குட்ஸ்" கடை என்றால்தான் எல்லோருக்கும் புரியும். கற்பூரம், சாம்பிராணி, குத்துவிளக்கு, காவடிக்கு மயிலிறகு, வேல், மஞ்சள் துணி எல்லாம் உண்டு. தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்து மாரியம்மன் பூஜை, புரட்டாசி, தீபாவளி ஆகிய நான்கு சமயங்களில் வருவதை வைத்துத்தான் மற்ற மாதங்கள் ஓடும். அதில் ஒரு பருவம் போனால் அந்த வருடமே போன மாதிரி. இதை அந்த நிறுவனத்துக்காரர்கள் நன்றாகத் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள். காவடி முடிந்து கை கொஞ்சம் காய்ந்திருந்த நேரத்தில் தொலைபேசி வந்தது.

வந்தவர் நம் தமிழ்ப் பையன்தான். மாமியாரை வாய் நிறைய "ஆன்ட்டி, ஆன்ட்டி" என்று கூப்பிட்டான். கடை தளம் முதல் பக்கத்தில் வரவில்லை என்று தன் ஃபோனிலேயே தேடிக் காட்டினான். தொண்ணூறு நாளில் பதினைந்து தேடல் சொற்களுக்கு முதல் பக்கம் என்று எழுத்திலேயே உத்தரவாதம் கொடுத்தான். கூகிளின் கூட்டாளி என்று ஒரு முத்திரையையும் காட்டினான். மாதம் 4,800 ராண்ட், டெபிட் ஆர்டர் (வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாகப் பிடிப்பது), 24 மாத ஒப்பந்தம்.

இங்கேயே சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கூகிளில் முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே தன் வழிகாட்டியில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. கூகிளோடு தனி உறவு இருக்கிறது என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு தேடல் வரிசையில் யாரையும் மேலே ஏற்றுவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. அந்தக் கூட்டாளி முத்திரை விளம்பரக் கணக்குகளை நடத்துகிறவர்களுக்குக் கொடுப்பது. கட்டணமில்லாத தேடல் வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முத்திரை உண்மையானதாகவே இருக்கலாம், ஆனால் அதைக் காட்டி இந்த வேலைக்குப் பணம் கேட்பது ஏமாற்று.

முதல் மாதம் முடிந்ததும் பச்சை அம்புக்குறிகளோடு அழகான அறிக்கை வந்தது. மாதா மாதம் வந்தது. பதினைந்தில் பன்னிரண்டு சொற்கள் முதல் பக்கத்தில் இருக்கின்றன என்றது. உண்மையில் இருந்தன. நானே தேடிப் பார்த்தேன், வந்தது. ஆனால் அந்தச் சொற்களைப் பாருங்கள்: "அஃபோர்டபிள் பிராஸ் பிரேயர் லாம்ப் சப்ளையர் சாட்ஸ்வர்த் டர்பன்". இப்படி ஒரு வரியை எந்த வாடிக்கையாளர் தட்டுவார்? யாரும் தேடாத நீளமான தொடருக்குப் போட்டியும் கிடையாது. எந்தத் தளமும் அதில் முதலில் வந்துவிடும். மீதி சில சொற்கள் எங்கள் கடையின் பெயரேதான். கடைப் பெயரைத் தேடினால் கடை வரத்தானே செய்யும்?

யாராவது உங்களிடம் இப்படி அறிக்கை நீட்டினால், அதை மூடி வைத்துவிட்டு கூகிள் சர்ச் கன்சோலைத் திறக்கச் சொல்லுங்கள். அது இலவசம். எந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் தளம் தெரிந்தது, எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள் என்று பதினாறு மாதக் கணக்கு வரை அதில் இருக்கும். எங்கள் பழைய தளத்தின் கணக்கைப் பிறகு பார்த்தபோது, நம் மக்கள் உண்மையில் என்ன தேடுகிறார்கள் என்று தெரிந்தது: "பிரேயர் குட்ஸ் நியர் மீ", "காவடி ஐட்டம்ஸ் டர்பன்", புரட்டாசியை இங்கே எழுதுகிற மாதிரி "பர்டாசி" என்று போட்டு விளக்கு, நாமக்கட்டி. இதில் ஒரு சொல்கூட அவர்களுடைய பதினைந்தில் இல்லை. அவர்கள் எழுதிக் கொடுத்த பக்கங்களில் கர்வா சௌத் என்ற வட இந்திய நோன்புக்கான தட்டு பற்றி இரண்டு பத்தி இருந்தது. எங்கள் கடையில் அது விற்பதே இல்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று படித்தவுடனே தெரிந்தது.

ஊர்ப் பக்கங்களும் அப்படித்தான். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட், ஸ்டாங்கர் என்று ஊருக்கு ஒரு பக்கம் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஊர்ப் பெயர் மட்டும் மாற்றம். இதைக் கூகிள் தன் ஸ்பாம் கொள்கையில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. எங்கள் தளத்தை மேலே ஏற்ற, வேறு எங்கெங்கோ உள்ள தளங்களிலிருந்து அதற்கு இணைப்புகளும் வாங்கிப் போட்டிருந்தார்கள். சூதாட்டத் தளம், யாரும் படிக்காத வெளிநாட்டு வலைப்பூ, இப்படி. 2012-இல் பெங்குவின் என்ற மாற்றம் வந்ததிலிருந்தே கூகிள் இந்த வகை இணைப்புகளைக் குறி வைக்கிறது. இன்னும் அதையே விற்கிறார்கள் என்றால், வாங்குகிறவருக்குத் தெரியாது என்ற தைரியம்தான்.

இவ்வளவோடு போயிருந்தால் பணம் போனது என்று விட்டிருப்போம். இதற்கு மேல் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

எங்கள் தளத்தின் பழைய முகவரி "பலம் இல்லாதது" என்று சொல்லி, "பிரேயர் குட்ஸ்", "டர்பன்" என்ற சொற்களை வைத்தே புதிதாக ஒரு .co.za வலைத்தள முகவரி வாங்கினார்கள். கடைக்காக வாங்குவதாகச் சொன்னார்கள், பதிவு செய்தது அவர்கள் பெயரில். பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 வழிமாற்றுகூடப் போடவில்லை. பல வருடமாகக் கோயில் தளங்களும் சங்கத் தளங்களும் எங்களுக்குக் கொடுத்திருந்த நல்ல இணைப்புகளெல்லாம் வெற்றுப் பக்கத்தில் போய் முடிந்தன. தளம் இருந்த சர்வர் கணக்கு அவர்களுடையது. விளம்பரக் கணக்கு அவர்களுடையது. கூகிள் பிசினஸ் புரொஃபைலில் (தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் பட்டியல்) அவர்கள் முதன்மை உரிமையாளர், என் மாமியார் வெறும் மேலாளர். சொந்தக் கடைக்கு!

எல்லாவற்றையும் விடக் கொடுமை தொலைபேசி எண். "எத்தனை அழைப்பு வருகிறது என்று எண்ணுவதற்காக" என்று சொல்லி, தளத்திலும் கூகிள் பட்டியலிலும் கடை எண்ணை எடுத்துவிட்டு வேறு ஓர் எண்ணைப் போட்டார்கள். அந்த எண்ணை அழைத்தால் கடையில் மணி அடிக்கும். ஆனால் எண் அவர்களுடையது. கண்காணிப்பு எண் வைப்பது தொழிலில் உள்ள வழக்கம்தான், நேர்மையான ஆட்களும் செய்கிறார்கள். அந்த எண் யார் கையில் இருக்கிறது, ஒப்பந்தம் முடிந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வரியும் வரவில்லை.

புரட்டாசிக்கு முன்னால் கூகிள் மேப்பில் கடை காணாமல் போனது. பெயர்ப் பலகையில் இருக்கிற பெயரோடு "பெஸ்ட் பிரேயர் குட்ஸ் டர்பன்" என்று அவர்கள் ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். பலகையில் உள்ள பெயர் எதுவோ அதைத்தான் போட வேண்டும் என்பது கூகிள் விதி. மீறினால் பட்டியலை முடக்கலாம். கூகிள் முடக்கிவிட்டது. சனிக்கிழமை விரதத்துக்கு விளக்கு, நாமக்கட்டி, துளசி மாலை கேட்டு வருகிற புதுக் குடும்பங்கள் எங்களைக் கண்டுபிடிக்க வழியே இல்லாமல் போனது. மாமியார் கல்லாவில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

விலகுகிறோம் என்று சொன்னோம். அப்போதுதான் கணக்கு வெளியே வந்தது. மீதி மாதங்களுக்கு முழுப் பணம், முகவரியும் தளமும் வேண்டுமானால் அதற்குத் தனி விலை. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரத்தில் அதே முகவரியில், அதே படங்களோடு, இன்னொரு கடையின் பெயர் வந்தது. அந்தத் தொலைபேசி எண்ணும் அங்கேதான் போய் அடித்தது. எங்கள் பிளாஸ்டிக் பையில், காலண்டரில் அச்சடித்த எண் அது. எங்களைத் தேடிக் கூப்பிட்டவர்கள் வேறொருவரிடம் சாமான் வாங்கினார்கள். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடமும் "நல்ல அழைப்புகள் தருகிறோம்" என்று மாத வாடகைதான் வாங்கியிருக்கிறார்கள். முகவரியையும் எண்ணையும் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கடையின் பெயரில் வளர்த்து, அடுத்த கடைக்கு வாடகைக்கு விடுவதுதான் இவர்களுடைய உண்மையான தொழில். முதலிடம் என்பது உள்ளே நுழைவதற்கான பேச்சு.

மீண்டது எப்படி என்பதையும் சொல்கிறேன். பழைய முகவரி எங்கள் பெயரிலேயே இருந்தது. மாமியார் அதன் வருடக் கட்டணத்தை விடாமல் கட்டி வந்திருந்தார், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. என் கணவரின் தம்பி அதில் எளிய தளம் ஒன்றைப் போட்டார். கூகிள் பட்டியலுக்கு உரிமைக் கோரிக்கை அனுப்பினோம். இப்போது உரிமையாளராக இருப்பவருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுப்பார்கள். அவர் மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். பெயர்ப் பலகை, தெரு, உள்ளே சாமான், கல்லா என்று எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார்கள். இழுத்தடித்து, கடைசியில் கைக்கு வந்தது. பழைய விமர்சனங்களும் திரும்ப வந்தன. எண்ணை மட்டும் மீட்க முடியவில்லை. அச்சடித்த காலண்டர்களை என்ன செய்வது?

ஒப்பந்த விஷயத்தில் சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, காலவரை போட்ட ஒப்பந்தத்தை இருபது வேலை நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்து எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். அவர்கள் நியாயமான அளவு ரத்துக் கட்டணம் கேட்கலாம், மீதி எல்லா மாதத்துப் பணத்தையும் அப்படியே கேட்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் கம்பெனியாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. எங்கள் கடை மாமியாரின் சொந்தப் பெயரில் இருந்ததால் பொருந்தியது. கடையை பிடிஒய் லிமிடெட், அதாவது தனியார் கம்பெனி, ஆகப் பதிவு செய்தவர்கள் கையெழுத்துக்கு முன்பே விலகும் விதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். அவர்களாகவே தேடி வந்து விற்றிருந்தால், 16-ஆம் பிரிவின்படி ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். டெபிட் ஆர்டரை வங்கியில் நிறுத்துவது மட்டும் போதாது. ஒப்பந்தத்தை எழுத்தில் முடித்த பிறகு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கடன் என்று துரத்துவார்கள்.

இந்தத் தொழிலே பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும். பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பார்கள். உங்கள் வாடிக்கையாளர் என்ன கேட்கிறார், எந்த மாதம் எது விற்கிறது என்று முதலில் உங்களைக் கேட்பார்கள். எங்கள் மைத்துனர் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தப் படம், விலை, ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்ற தகவல், காவடிக்கு என்னென்ன வேண்டும் என்று மாமியார் வாயால் சொன்னதை அப்படியே எழுதிய ஒரு பக்கம், விழா நாட்களின் கடை நேரம், செல்ஃபோனில் சீக்கிரம் திறக்கும்படி படங்களைச் சிறிதாக்கியது. அந்தக் காவடிப் பக்கத்துக்குத்தான் இன்று அதிகம் பேர் வருகிறார்கள்.

இப்போது "சாட்ஜிபிடியில் உங்கள் கடையை முதலில் சொல்ல வைக்கிறோம்" என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கும் இதே கேள்விகளைக் கேளுங்கள். முகவரி யார் பெயரில் பதிவாகும்? பிசினஸ் புரொஃபைலில் முதன்மை உரிமையாளர் யார்? விளம்பரக் கணக்கு என்னுடையதாக இருந்து, உங்களுக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதுமா? எண் யாருடையது? நான் விலகினால் எது என்னோடு வரும்? பதிலை வாட்ஸ்அப் பேச்சாக விடாதீர்கள், ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். இதற்கு எரிச்சல்படுகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஓர் ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள், விலகப் போவதாக அவர்களிடம் சொல்வதற்கு முன்பே தளத்தின் எழுத்து, படம் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். நாங்கள் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பதில் சரியில்லாததால் நுகர்வோர் பொருட்கள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போயிருக்கிறோம். ரத்து அறிவிப்புக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. பெயர், தேதியை மாற்றி நீங்களும் பயன்படுத்தலாம். வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.