"மாடித் தோட்டம் போட்டுத் தர்றோம்" பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் மாடித் தோட்டம் போட ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். குறிப்பாக, "எல்லாம் நாங்களே செட் பண்ணிடுவோம் மேடம், நீங்க தண்ணி மட்டும் ஊத்தினா போதும்" என்று பேசுபவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். 30 பை, அலசிய கோகோபீட் (மண்ணுக்குப் பதில் போடும் தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம், நாட்டு விதை, மூன்று மாதப் பராமரிப்பு, எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்று பேசி, தை மாதம் எங்களிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். சொன்னதில் ஒன்றுகூடச் சொன்னபடி இல்லை.

பெரிய மோசம் கோகோபீட்டில்தான். கத்தரியும் தக்காளியும் நாலு இலை விட்டதுமே இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருக ஆரம்பித்தது. நடுப்பகுதி பச்சையாகத்தான் இருக்கிறது, ஓரம் மட்டும் நெருப்பில் காட்டியது போலச் சுருண்டு, தொட்டால் நொறுங்குகிறது. தண்ணீர் போதவில்லையோ என்று பைக்குள் கை விட்டுப் பார்த்தால் நல்ல ஈரம். போன் செய்தால், "செடி செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் மேடம், பஞ்சகவ்யா தெளிங்க" என்கிறார்கள், அதற்கும் தனிக் காசு.

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைப் பார்க்க வாங்கிய டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) இருக்கிறது. மீதி இருந்த கோகோபீட் கட்டியிலிருந்து ஒரு கைப்பிடி உதிர்த்து, ஆர்.ஓ. தண்ணீரில் ஊறப்போட்டு, வடிகட்டி அதில் மீட்டரை வைத்தேன். வெறும் தண்ணீரில் 50-ஐத் தாண்டாத மீட்டர் 2000-க்கு மேல் போனது. தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு, உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டையென்றால் இன்னும் அதிகம். அதை நல்ல தண்ணீரில் பலமுறை அலசித்தான் 'லோ இ.சி.', அதாவது உப்பு குறைந்தது, என்று விற்பார்கள். அலசாத சரக்கு விலை குறைவு, அதைத்தான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் எந்த நாற்று பிழைக்கும்?

அடுத்தது விதை. 'நாட்டு விதை, ரசாயனம் இல்லாதது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய சின்ன ஜிப் கவர், வேறு ஒரு விவரமும் அதில் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் வெண்டை விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். எல்லாம் பளிச்சென்று இளஞ்சிவப்பு, உள்ளங்கையிலும் சாயம் ஒட்டியது. "ஏம்மா, இது மருந்து போட்ட விதைம்மா. கடையில இப்படித்தான் குடுப்பாங்க, புள்ளைய தொட விடாத" என்றார். திரம் போன்ற பூஞ்சாணக் கொல்லி கலந்த விதைக்கு இப்படிச் சாயம் ஏற்றுவது வழக்கம், தெரியாமல் யாரும் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. விவசாயத்தில் அது தப்பில்லை. ஆனால் ரசாயனம் இல்லை என்று சொல்லி, எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லாமல், குழந்தையோடு சேர்ந்து விதையுங்கள் என்று கொடுத்தார்களே, அதை நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை. என் மகள் அந்த விதைகளை விரலால் அழுத்தி அழுத்தி ஊன்றியிருந்தாள்.

ஒழுங்கான விதை பாக்கெட்டில் ரகம், முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 65 சதவீதம். நாங்கள் ஈரத் துணியில் முடிந்து வைத்துப் பார்த்ததில் பாதிகூட முளைக்கவில்லை.

பையைப் பற்றி என்ன சொல்ல, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பை என்றார்கள், கத்திரி வெயில் முடிவதற்குள் மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. மண்புழு உரத்தில் பாதி வெறும் மண். பராமரிப்புக்கு ஒரே ஒரு தடவை ஒரு பையன் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான், அப்புறம் போனே எடுப்பதில்லை.

பில் கேட்டபோதெல்லாம் "வாட்ஸாப்ல அனுப்புறோம்" என்றே இழுத்தார்கள். ஆனால் யு.பி.ஐ. ரசீது, பேசிய மெசேஜ்கள், விதைக் கவர், மீட்டர் வைத்து எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ அங்கே மனு போடக் கட்டணமே கிடையாது. சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித் தோட்டக் கிட்டைப் பாருங்கள். தனியாரிடம்தான் வாங்குவேன் என்றால் ஒரு கட்டி கோகோபீட் மட்டும் முதலில் வாங்கி, மேலே சொன்ன மாதிரி மீட்டர் வைத்துப் பாருங்கள், 500-க்குள் இருந்தால் பேசலாம். ஏற்கெனவே உப்புச் சரக்கு வந்து சேர்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கால்சியம் நைட்ரேட் உரம் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவிட்டு, மீட்டர் இறங்கும்வரை நல்ல தண்ணீரில் அலசினால் தேறிவிடும். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலைதான் நடக்கிறது. இதே மாதிரி பேக்கேஜ் எடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் விதைக் கவரை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், புகாருக்கு அதுதான் முக்கியமான ஆதாரம்.