மெமரியைக் கூட்டித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்

வீட்டில் பழைய கணினி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். கணினி மெதுவாகிவிட்டது என்று பழுதுபார்க்கக் கூப்பிட்டால், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அமைப்பை மாற்றிவிட்டு, மெமரி ஏற்றியதாகச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் அப்பாவை அப்படித்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

அப்பாவின் கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 7. ராம் (ஓடும் புரோகிராம்களின் தரவைக் கணினி தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி) 2 ஜிபி. பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே திணறும். வந்தவர் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சார், 2 ஜிபியை 14 ஜிபி ஆக்கிவிட்டேன், இனிப் பிரச்சினையே வராது" என்று சொல்லியிருக்கிறார். பில்லிலும் 'மெமரி அப்கிரேடு 14 ஜிபி' என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார். 32 பிட் விண்டோஸ் 7-ஆல் 4 ஜிபிக்கு மேல் ராமைப் பயன்படுத்தவே முடியாது. பில்லைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பழைய ராம் ஸ்டிக்கின் மேல் தூசி படலமாகப் படிந்திருந்தது. விரல் பட்ட தடம்கூட இல்லை. அதற்கடுத்த ஸ்லாட் காலி. பிறகு விர்ச்சுவல் மெமரி அமைப்பைத் திறந்தால், ஆரம்ப அளவு, அதிகபட்ச அளவு இரண்டு கட்டங்களிலும் 12288 எம்பி என்று இருந்தது. அந்த 12 ஜிபியை ராமோடு கூட்டி 14 என்று கணக்குக் காட்டியிருக்கிறார்!

ராமில் இடம் போதாதபோது, உடனே தேவைப்படாத தரவுகளை ஹார்டு டிஸ்கில் உள்ள 'பேஜ்ஃபைல்.சிஸ்' என்ற மறைகோப்பில் விண்டோஸ் ஒதுக்கிவைக்கிறது. கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது. இதைத்தான் விர்ச்சுவல் மெமரி என்கிறார்கள். இது தேவையான ஏற்பாடுதான். ஆனால் ராமிலிருந்து ஒரு தரவை எடுக்க ஆகும் நேரம் சுமார் 100 நானோ நொடி. சுழலும் ஹார்டு டிஸ்கில் அதுவே 10 மில்லி நொடி அளவுக்குப் போகும். வித்தியாசம் ஏறத்தாழ லட்சம் மடங்கு. கோப்பை எத்தனை பெரிதாக்கினாலும் அந்த இடைவெளி குறையாது. இடம் போதவில்லை என்று புரோகிராம்கள் பாதியில் நின்றுபோகாமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு நன்மை எதுவும் நடக்கவில்லை, கெடுதல்தான் நடந்தது. சிறிய சி டிரைவில் 12 ஜிபி ஒரேயடியாகப் போய்விட்டதால் புதிய புரோகிராம் எதையும் நிறுவ இடமில்லை. கணினியை அணைக்கவும் நிமிடக்கணக்கில் ஆனது. காரணத்தைத் தேடியபோது, அணைக்கும்போதெல்லாம் பேஜ்ஃபைலை அழிக்கச் சொல்லும் ஓர் அமைப்பை, விண்டோஸின் உள் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில், பழுதுபார்க்க வந்தவர் இயக்கிவைத்திருந்தது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அந்த 12 ஜிபி முழுவதும் பூஜ்யங்களை எழுதி முடித்த பிறகுதான் கணினி நிற்கும். இதை எதற்காகச் செய்தார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கூடவே ஒரு 'மெமரி பூஸ்டர்' மென்பொருளையும் போட்டிருந்தார். இந்த வகை மென்பொருள்கள், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் தரவை வலுக்கட்டாயமாக ராமிலிருந்து டிஸ்குக்குத் தள்ளிவிட்டு, காலியிடம் கூடிவிட்டதாகக் காட்டும். அடுத்த நொடி அந்தப் புரோகிராமைத் தொட்டால் எல்லாம் டிஸ்கிலிருந்து திரும்ப வரவேண்டும். இது பழைய வித்தை. 1995-இல் 'சாஃப்ட்ராம் 95' என்ற மென்பொருளை, ராமை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி விற்றார்கள். பிரித்து ஆராய்ந்தவர்கள் அது அப்படி எதுவும் செய்யவில்லை என்று காட்டினார்கள். 1996-இல் அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் அதை விற்ற நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது.

பழுதுபார்த்தவரைத் தொலைபேசியில் கேட்டேன். "விர்ச்சுவல் மெமரியும் மெமரிதானே சார், நான் என்ன பொய் சொன்னேன்?" என்றார். பணத்தைத் திருப்பித் தரவில்லை. வயதானவர், தொழில்நுட்பம் தெரியாதவர் என்று பார்த்துத்தான் இதைச் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

உங்கள் கணினியிலும் கைவைத்திருந்தால் சரிசெய்வது சுலபம். சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்பார்மன்ஸ் என்று போய், அங்கே மறுபடியும் அட்வான்ஸ்டு பக்கத்தில் விர்ச்சுவல் மெமரியைத் திறந்து, அளவை விண்டோஸே தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற முதல் கட்டத்தில் டிக் போடுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் அந்தக் கட்டம் இருக்காது. 'சிஸ்டம் மேனேஜ்டு சைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பேஜ்ஃபைலே வேண்டாம் என்று நீக்கச் சொல்பவர்களும் உண்டு. ராம் குறைவான கணினியில் அதைச் செய்தால் புரோகிராம்கள் திடீர் திடீரென்று மூடிக்கொள்ளும்.

யாராவது மெமரி ஏற்றினேன் என்றால், பணம் கொடுக்கும் முன் அவர் எதிரிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பக்கத்தில் மொத்த ராம் எவ்வளவு என்று பாருங்கள். அந்த எண் பழைய எண்ணாகவே இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.